கன்னத்தில் இருப்பது கள்ளிச்செடிப் பூச்சி! தெரியுமா?

என் மேஜை இழுப்பறை முழுக்க ப்ளஷ். பவுடர், க்ரீம், தண்ணீர் மாதிரி ஓடுகிற லிக்விட், சூளையில் சுட்டது, பீங்கான் கிண்ணத்தில் தடவிக் காயவைத்தது என்று விதவிதமாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். "எல்லாம் ஒரே ரோஸ் கலர்தானே, எதுக்கு இத்தனை?" என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். ஒரே கலரா! இதில் ஒன்று பூச்சி, ஒன்று பூ, ஒன்று மண். இன்னொன்றில் நிறமே கிடையாது, கன்னத்தில் பட்ட பிறகுதான் நிறம் பிறக்கிறது! ஒவ்வொரு டப்பாவையும் திறக்கத் திறக்க ஒரு ஊர், ஒரு நூற்றாண்டு, ஒரு அதிசயம் வெளியே வருகிறது.

பூச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்தக் கதை நேரே நம் சைதாப்பேட்டைக்கு வருகிறது!

உங்கள் ப்ளஷ் டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். சி.ஐ. 75470 என்று இருக்கிறதா? கார்மைன் என்று போட்டிருந்தாலும் அதுதான் இது. மெக்சிகோவிலும் பெருவிலும் சப்பாத்திக்கள்ளியில் ஒட்டிக்கொண்டு சாறு குடித்து வாழும் கொச்சினீல் பூச்சியின் சிவப்பு! பெண் பூச்சியில்தான் சாயம் இருக்கிறது. கள்ளி மடலில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாகத் தெரியும். அதைத் தொட்டு நசுக்கினால் விரல் கருஞ்சிவப்பாகிவிடும். பார்த்தால் ரத்தம் என்றே நினைப்பீர்கள். தன்னைத் தின்ன வருகிற எறும்புகளை விரட்டத்தான் பூச்சி இந்தச் சிவப்பை உடம்பில் வைத்திருக்கிறது. நாமோ அதைத் துடைத்தெடுத்து, வெயிலில் காயவைத்து, வேகவைத்து, படிகாரம் சேர்த்துப் பிரித்து, கன்னத்தில் பூசிக்கொள்கிறோம். ஒரு பவுண்டு காய்ந்த பூச்சி சேர வேண்டுமானால் ஏறக்குறைய 70,000 பூச்சிகள் வேண்டும்!

ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவைப் பிடித்த கையோடு இந்தச் சாயத்தையும் பிடித்துக்கொண்டார்கள். அது பூச்சியா, விதையா என்றே ஐரோப்பாவில் பலருக்குப் பல காலம் தெரியாது. ஸ்பெயின் அவ்வளவு பொத்திப் பொத்தி வைத்திருந்தது. அந்த ஏகபோகத்தை உடைக்க ஆசைப்பட்டவர்களில் ஒருவர் எங்கே இருந்தார் தெரியுமா? மதராஸில்! கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். 1786இல் மதராஸில் ஏதோ பூச்சியைப் பார்த்துவிட்டு, இது கொச்சினீல்தானோ என்று லண்டனில் இருந்த தாவரவியல் அறிஞர் ஜோசப் பேங்ஸுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதித் தள்ளினார். அந்தக் கடிதங்கள் 1788இல் மதராஸிலேயே புத்தகமாகவும் வந்தன. பிறகு சைதாப்பேட்டையில் கள்ளிக்கென்றே ஒரு தோட்டம் போட்டார்கள். ஊரே வேலியோரத்தில் வெட்டி எறிகிற செடிக்குத் தோட்டம்! செடி தயார், பூச்சிதான் வரவில்லை.

1795இல் பூச்சியும் வந்தது. பிரேசிலில் இருந்து ஒரு கப்பல் தலைவர் அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். எல்லாரும் கொண்டாடினார்கள். ஆனால் வந்தது சாயத்துக்குப் பேர்போன இனம் இல்லை, அதன் ஒன்றுவிட்ட சொந்தம். சாயம் சோகையாக வந்தது. ஆனால் அந்தப் பூச்சி கள்ளியை விட்டுவைக்கவில்லை! அது போன இடமெல்லாம் ஒரு வகைக் கள்ளி கூண்டோடு அழிந்தது. ஒரு களையை அழிக்க ஒரு பூச்சியை ஏவலாம் என்ற யோசனையே உலகத்துக்கு இதில் இருந்துதான் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டில் அதே பூச்சியை வேண்டுமென்றே தெற்கே கொண்டுவந்து விட்டார்கள், இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். தென் மாவட்டங்களில் விளைநிலத்தையே விழுங்கிக்கொண்டிருந்த இன்னொரு வகைச் சப்பாத்திக்கள்ளியை அடக்க, 1926இல் இதே குடும்பத்தின் மற்றொரு பூச்சியை இறக்கினார்கள். நம் தாத்தா பாட்டி சொன்ன "அந்தக் காலத்துல எங்க பார்த்தாலும் கள்ளிக் காடு" திடீரென்று காணாமல் போனதே, அந்தக் காரியத்தைச் செய்தது என் கன்னத்தில் இருக்கும் சிவப்பின் பங்காளிதான்! இதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

(சைவம் பார்க்கிறவர்கள் இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 75470. வீகன் என்று அச்சிட்ட ப்ளஷ்களில் இது இருக்கக்கூடாது.)

அடுத்து, பச்சை நிறத்தில் இருந்துகொண்டு சிவப்பாகப் பூசும் ப்ளஷ்! ஜப்பானில் இதற்கு பெனி என்று பெயர். நம்மூரில் எண்ணெய் ஆட்டும் குசும்பப்பூ இருக்கிறதே, அந்தப் பூதான். யமகதா பகுதியில் விடியற்காலையிலேயே பறிக்கப் போய்விடுவார்கள். பனி ஈரத்தில் செடியின் முள் கொஞ்சம் மெத்தென்று இருக்கும் என்பதற்காக. பூவில் இருப்பது பெரும்பாலும் மஞ்சள். சிவப்பு ஒரு விழுக்காடு அளவுதான். மஞ்சளைக் கழுவிக் கழுவி வெளியேற்றி, இதழ்களைப் புளிக்கவைத்து அடையாகத் தட்டிக் காயவைத்து, அந்தத் துளிச் சிவப்பைப் பிடிக்கிறார்கள். பிறகு சின்னப் பீங்கான் கிண்ணத்தின் உட்புறத்தில் தூரிகையால் தடவிவிடுகிறார்கள்.

இங்கேதான் மாயம்! காய்ந்ததும் சிவப்பு காணாமல் போய், பொன்வண்டின் முதுகு போலப் பச்சை மினுங்குகிறது. என் சேகரிப்பில் நான் யார் கையிலும் கொடுக்காத ஒரே பொருள் இந்தக் கிண்ணம். தூரிகையை ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரில் நனைத்து அந்தப் பச்சையைத் தொட்டால், தொட்ட இடம் மட்டும் சட்டென்று சிவக்கும். கன்னத்துக்கும் உதட்டுக்கும் அதுவே. ஜப்பானின் எடோ காலத்துப் பெண்கள் கீழுதட்டில் அடுக்கடுக்காகப் பூசி, உதட்டையே பச்சையாக மினுங்க வைத்தார்களாம். அவ்வளவு பெனி பூச முடிகிறது என்றால் அவ்வளவு வசதி என்று பொருள். டோக்கியோவில் 1825இல் தொடங்கிய இசேஹான் என்ற கடை இன்றும் இதைத் தயாரிக்கிறது, பெனிக்கென்றே ஒரு அருங்காட்சியகமும் வைத்திருக்கிறது.

பூச்சி, பூ இரண்டையும்விட மூத்தது மண். மார்கழிக் கோலத்தைச் சுற்றிக் காவி இழுக்கிறோமே, அந்தக் காவியின் சிவப்பு இரும்பு ஆக்ஸைடு. ப்ளஷ் டப்பாவில் அயர்ன் ஆக்ஸைடு என்று இருப்பதும் அதே பொருள்தான். செவ்வாய்க் கிரகம் சிவந்திருப்பதும் அதனால்தான்! அந்தக் கிரகத்தைப் பார்க்கும் தொலைநோக்கியின் கண்ணாடியை எதைக் கொண்டு மெருகேற்றினார்கள் தெரியுமா? அதே சிவப்புப் பொடியைக் கொண்டு! தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில், 1,00,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் செங்காவியை அரைத்து, எலும்புக் கொழுப்பும் கரியும் சேர்த்து, கடற்சிப்பிகளில் குழைத்து வைத்திருந்ததை 2011இல் ஆராய்ச்சியாளர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். நமீபியாவில் ஹிம்பா பெண்கள் இன்றும் வெண்ணெயில் செங்காவியைக் குழைத்து உடல் முழுக்கப் பூசிக்கொள்கிறார்கள். க்ரீம் ப்ளஷ் புதுசு என்று யார் சொன்னது?

ஷிம்மருக்கு வருவோம். பொன்னாய் மின்னுகிற ப்ளஷ்ஷில் பொன் கிடையாது. ரோஸாய் மின்னுவதில் ரோஸ் நிறமும் இல்லாமல் இருக்கலாம். மைக்கா என்கிற காக்காப்பொன் துகள் மேல் டைட்டானியம் டை ஆக்ஸைடைப் படலமாக ஏற்றுகிறார்கள். அந்தப் படலத்தின் கனம் தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. கனம் ஒரு அளவில் இருந்தால் வெள்ளி, சற்றுக் கூடினால் பொன், இன்னும் கூடினால் சிவப்பு, அதற்கும் மேல் நீலம், பச்சை! பொருள் மாறவில்லை, கனம் மட்டும்தான் மாறுகிறது. சோப்புக் குமிழில் வர்ணம் ஓடுவதும் இதே ஒளி விளையாட்டால்தான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டேன். இந்த மைக்காவில் பெரும்பங்கு ஜார்க்கண்டிலும் பீகாரிலும் இருந்து போகிறது. அங்கே குழந்தைகள் சுரங்கக் குழிகளில் இறங்கிப் பொறுக்குகிறார்கள். இதை ஒழிக்கவென்று 2017இல் பாரிஸில் நிறுவனங்கள் சேர்ந்து ஓர் அமைப்பையே தொடங்க வேண்டி வந்தது. மின்னும் டப்பா வாங்குமுன் அந்த நிறுவனம் மைக்கா எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறதா என்று நான் பார்க்கிறேன். சொல்லாதவர்கள் பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

பாரிஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது, பூர்ஷ்வா! சின்ன வட்ட டப்பா, திறந்ததும் ரோஜா வாசம். 1863இல் ஒரு நாடக நடிகர் மேடைக் கலைஞர்களுக்காகத் தொடங்கிய தொழில் இது. கனமான மேடைச் சாயத்துக்குப் பதிலாக லேசான பவுடரைக் குழைத்துச் சுட்டெடுத்தார்கள், அது மேடையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. இந்தக் கம்பெனியைப் பின்னாளில் நடத்திய வெர்ட்டைமர் சகோதரர்கள்தான் 1924இல் கோக்கோ ஷனேலோடு சேர்ந்து ஷனேல் வாசனைத் திரவிய நிறுவனத்தைத் தொடங்கினார்கள். உலகமே வியக்கும் ஷனேல் நம்பர் 5க்குப் பின்னால் நின்றது கன்னச் சிவப்பு விற்ற காசு!

அதே பிரான்சில், அதற்கும் நூறாண்டு முன்னால், வெர்சாய் அரண்மனைப் பெண்கள் இரு கன்னத்திலும் வட்டவட்டமாகச் சிவப்பை அப்பிக்கொண்டார்கள். இயல்பாகத் தெரிய வேண்டும் என்ற கவலையே கிடையாது. பூசியிருப்பது தெரிய வேண்டும், அதுதான் அந்தஸ்து. 15ஆம் லூயியின் காதலி மதாம் த பொம்பதூரை பூஷே என்ற ஓவியர் வரைந்தபோது, கையில் தூரிகையும் ப்ளஷ் டப்பாவுமாகவே வரைந்தார். கையில் காப்பு, அதில் மன்னரின் முகம்! அமெரிக்காவில் ஹார்வர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது அந்தப் படம்.

இன்னும் இருக்கிறது, மூச்சு விடாமல் கேளுங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் 1976இல் கடை திறந்த இரட்டைச் சகோதரிகள், ஒரு நடனக்காரி கேட்டாள் என்று ரோஜா இதழை வேகவைத்துச் செய்த சிவப்புத் தண்ணீர்தான் இன்று பெனிடின்ட் என்ற பெயரில் விற்கிறது! பீச்சும் ரோஸும் பொன்னும் கலந்த நார்ஸ் கம்பெனியின் பேர்போன ப்ளஷ் 1999இல் வந்தது. சுழற்றிக் கலந்து சுட்டெடுத்த பளிங்கு ப்ளஷ்களில் இரண்டு டப்பா ஒரே மாதிரி இருக்கவே இருக்காது. பச்சையாகவோ நிறமே இல்லாமலோ இருந்து, முகத்தில் பட்டதும் ரோஸ் ஆகும் வகையும் உண்டு. அதில் இருப்பது ரெட் 27 என்ற சாயம். ஈரமே இல்லாத கலவையில் தூங்கிக்கொண்டிருக்கும், தோலின் ஈரம் பட்டதும் விழித்துக்கொள்ளும்!

நம் மாநிறத்துக்கு எது எடுக்கும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: டப்பாவில் பார்த்துப் பயப்படுகிற நிறத்தை எடுங்கள். செங்கல் சிவப்பு, நாவல்பழ நிறம், பளீரென்ற ஆரஞ்சு. வெளிர் ரோஸில் வெள்ளைப் பொடி அதிகம். அது நம் தோலில் சாம்பல் பூத்த மாதிரி உட்காரும். நிறம் அடர்த்தியாக இருந்தால் கொஞ்சம் தொட்டாலே போதும், தோலோடு கலந்துவிடும். கறுத்த தோல் நாணத்தில் சிவக்குமா என்ற கேள்வியையே டார்வின் உலகம் முழுக்கக் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார், தெரியுமா? உணர்ச்சிகளைப் பற்றி 1872இல் எழுதிய நூலில் கன்னம் சிவப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கி, அநேகமாக எல்லா இன மக்களுக்கும் முகம் சிவக்கிறது என்று எழுதினார். சிவப்பு தெரிவது கூடும் குறையும், ரத்த நாளம் விரிவது எல்லாருக்கும் ஒன்றுதான்.

கடைசியாக, இதையும் தெரிந்துகொள்ளுங்கள். டப்பாவில் மூடி திறந்த ஜாடிப் படமும் 12எம், 24எம் என்ற எழுத்தும் இருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்பது அது. பவுடரின் மேல் வழுவழுவென்று பாளம் கட்டிப் பிரஷ்ஷில் ஏறவில்லை என்றால் தூக்கிப் போடாதீர்கள். பிரஷ்ஷில் இருந்த முக எண்ணெய்தான் காரணம். செலோ டேப்பை மெல்ல ஒட்டி எடுத்தால் அந்தத் தோல் உரிந்து வந்துவிடும், அடியில் புதுப் பவுடர்!

கீழே விழுந்து நொறுங்கினாலும் பிழைக்கும். அக்கா மகள் கைதவறி என் ப்ளஷ் ஒன்றைத் தரையில் போட்டுவிட்டு, "சித்தி, போச்சா?" என்று அழாத குறையாக நின்றாள். இருவரும் உட்கார்ந்து சரிசெய்தோம். துண்டுகளை எல்லாம் தட்டிலேயே கூட்டி, குச்சியால் நன்றாகப் பொடித்து, மருந்துக்கடை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் களிபோலக் குழைத்தோம். மேலே டிஷ்யூ தாளைப் போட்டு, வட்ட நாணயத்தை வைத்து அழுத்தி அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுத்து, இரவு முழுக்க மூடாமல் காயவிட்டோம். ஆல்கஹால் பறந்துபோய்விடும், நிறம் அப்படியே இருக்கும். டிஷ்யூவின் தடம் மட்டும் மேலே பதிந்திருக்கும். பவுடருக்குத்தான் இந்த வைத்தியம். க்ரீமுக்கும் லிக்விடுக்கும் செல்லாது. நம் சித்திரை வெயிலில் க்ரீம் உருகி எண்ணெய் தனியாகப் பிரிந்து வாசனையும் மாறிவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் யோசிக்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.