வெள்ளிக் கோளின் எரிமலைக் குழம்புப் பாய்வுகள்

வெள்ளிக் கோளின் எரிமலைக் குழம்புப் பாய்வுகள் என்பன, அக்கோளின் எரிமலைகளில் இருந்து வெளியேறித் தரையில் பரவி இறுகிய பாறைக் குழம்பின் படிவுகள் ஆகும். இக்கோளை அடர்ந்த முகில்கள் முழுமையாக மூடியுள்ளன. தரையின் வெப்பநிலை ஏறத்தாழ 465 பாகை செல்சியசு. வளிமண்டல அழுத்தம் புவியில் உள்ளதைப் போல் 90 மடங்குக்கும் மேல். அங்கு தரையிறங்கிய கலங்கள் எவையும் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு மேல் செயல்படவில்லை. எனவே இப்பாய்வுகள் பெரும்பாலும் தொலையுணர்வு மூலமே ஆராயப்படுகின்றன.

ராடார் முறை

ராடாரின் நுண்ணலைகள் முகில்களை ஊடுருவிச் சென்று தரையில் பட்டு மீள்கின்றன. வழவழப்பான தரை அலைகளை வேறு திசையில் தெறிக்கச் செய்வதால் படத்தில் கருமையாகத் தோன்றும். கரடுமுரடான தரை அலைகளின் ஒரு பகுதியைக் கலத்தை நோக்கித் திருப்பி அனுப்புவதால் வெண்மையாகத் தோன்றும். ஒரு பாய்வு மற்றொன்றை மூடியிருந்தால், மேலுள்ளதே பிந்தியது எனக் கொள்ளலாம். ஆயினும் வெண்மையோ கருமையோ பாய்வின் வயதை நேரடியாகக் காட்டுவதில்லை.

1989 ஆம் ஆண்டு நாசா ஏவிய மகெல்லன் விண்கலம், 1990 இல் வெள்ளியின் சுற்றுப்பாதையை அடைந்தது. 12.6 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள ராடாரைக் கொண்டு அது கோளின் மேற்பரப்பில் ஏறத்தாழ 98 விழுக்காட்டைப் படமாக்கியது. ஏறத்தாழ 6,800 கிலோமீட்டர் நீளமான பால்டிசு வாலிசு என்னும் கால்வாயின் முழு நீளமும் இப்படங்களில் தெளிவாயிற்று.

அகச்சிவப்பு முறை

ஒரு மைக்ரோமீட்டரை அண்டிய சில அலைநீளங்களில், தரையின் வெப்பக் கதிர்வீச்சு முகில்களைக் கடந்து இரவுப் பக்கத்தில் வெளிவருகிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் வீனசு எக்சுபிரசு விண்கலம் (2006–2014) இதனை அளந்தது. சில பாய்வுகள் சுற்றுப்புறத்தை விடக் கூடுதலாகக் கதிர்வீசின. அவை வளிமண்டலத்தால் இன்னும் சிதைவுறாத இளம் பாறைகள் என்றும், வயது 25 இலட்சம் ஆண்டுகளுக்குக் குறைவு என்றும் 2010 இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

இன்றும் இயங்கும் எரிமலைகள்

வெள்ளியின் எரிமலைகள் இன்றும் இயங்குகின்றனவா என்பது நெடுநாள் கேள்வி. 1991 பெப்ரவரியிலும் அக்டோபரிலும் மகெல்லன் எடுத்த படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2023 இல் வெளியானது. மாத் மலைக்கு அருகே 2.2 சதுர கிலோமீட்டர் பரப்புடைய எரிமலை வாய், எட்டு மாதங்களில் ஏறத்தாழ 4 சதுர கிலோமீட்டராக விரிந்திருந்தது. இரு படங்களும் வெவ்வேறு திசைகளில் இருந்து எடுக்கப்பட்டவை. எனவே இம்மாற்றம் பார்வைக் கோணத்தால் விளைந்ததன்று என்பதைக் கணினி உருவகப்படுத்தல் மூலம் சோதிக்க வேண்டியிருந்தது. சிஃப் மலையிலும் நியோபே சமவெளியிலும் அதே காலப்பகுதியில் புதிய பாய்வுகள் உண்டானமைக்கான சான்றுகள் 2024 இல் வெளியாயின. முப்பது ஆண்டுகள் பழமையான தரவுகளே இக்கண்டுபிடிப்புகளுக்கு அடிப்படையாக அமைந்தன என்பது குறிப்பிடத்தக்கது.