உடைமையும் அடையாளமும்: பூட்டுண்ட அக்சஸ் தரவுத்தளத்தை மீட்டல் பற்றிச் சில குறிப்புகள்

கணனித் தரவுத்தளங்களின் பாதுகாப்பைப் பற்றி எழுதுவோர் அந்நியரின் ஊடுருவலையே பெரிதும் மனத்திற் கொண்டு எழுதுவர். ஆயின் நடைமுறையிலே தரவுத்தளத்தின் வாயிலில் நின்று தவிப்பவர் பல வேளைகளில் அதனை உருவாக்கியவராகவோ, அவருக்குப் பின் அப்பணியைப் பொறுப்பேற்றவராகவோ இருக்கக் காண்கின்றோம். கோப்பு இருக்கின்றது, அதன் பருமன் குறையவில்லை, பழுதுபட்டதற்கான அறிகுறி எதுவுமில்லை. எனினும் திறக்க முற்படும்போது, அதற்கு வேண்டிய அனுமதி இல்லை என்னும் செய்தியே திரையில் தோன்றுகின்றது. மைக்ரோசொப்ட் அக்சஸ் மென்பொருளின் பழைய எம்.டீ.பி. வகைக் கோப்புகளுக்கே உரிய இந்நிலைமையையும், அதிலிருந்து மீளும் வழிகளையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

அக்சஸ் 1992 இல் வெளிவந்தது. பெருங்கணனியோ நிபுணர் குழுவோ இன்றி, மேசைமீதுள்ள ஒரு கணனியிலேயே தரவுத்தளமொன்றை அமைத்துக்கொள்ள அது வழி செய்தது. நூலகப் பட்டியல், மருத்துவ நிலையமொன்றின் நோயாளர் பதிவு, கள ஆய்விலே திரட்டிய வினாக்கொத்து விடைகள், சங்கமொன்றின் உறுப்பினர் பெயரேடு என, சிறு நிறுவனங்களின் நினைவு முழுவதும் இத்தகைய கோப்புகளிலே சேர்ந்தது. தரவைச் சேர்த்தது பலரது உழைப்பு. யார் எதனைப் பார்க்கலாம், எதனைத் திருத்தலாம் என வகுத்ததோ பெரும்பாலும் ஒருவரது கை. அவ்வொருவர் ஓய்வு பெற்றதும், அல்லது அவரது கணனி அகற்றப்பட்டதும், கூட்டு உழைப்பின் விளைபொருள் அவ்வுழைப்பாளர்க்கே எட்டாத பொருளாகிவிடுகின்றது. எனவே தொழினுட்பவியலாரிடம் மட்டும் விட்டுவிடத்தக்க விடயமாக இதனை நாம் கருதவில்லை.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்தல் வேண்டும். அக்சஸ் கோப்புக்கு இருவகைப் பூட்டுகள் உண்டு. ஒன்று தரவுத்தளக் கடவுச்சொல். கோப்பைத் திறக்கும்போது கடவுச்சொல்லை மட்டும் கேட்குமாயின் அது இவ்வகையினது. மற்றையது பயனர்நிலைப் பாதுகாப்பு. இது பெயரையும் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கேட்கும். சில வேளைகளில் எதனையுமே கேளாது, அனுமதி இல்லை என்று மறுத்துவிடும். நாம் இங்கு பேசுவது இரண்டாவது வகையையே. 2007 ஆம் ஆண்டின் பதிப்போடு அறிமுகமான ஏ.சீ.சீ.டீ.பி. வகைக் கோப்புகளில் இந்தப் பயனர்நிலைப் பாதுகாப்பு இல்லை. அவற்றிலே கடவுச்சொல் இடப்பட்டால் தரவே மறைகுறியாக்கப்படுகின்றது. அதனைத் தொலைத்தவருக்கு இக்கட்டுரை உதவாது.

பயனர்நிலைப் பாதுகாப்பின் உயிர்நாடி, அது இரு கோப்புகளிலே பிரிந்து கிடப்பதாகும். இன்ன அடையாளத்தை உடையவர் இன்ன அட்டவணையைப் படிக்கலாம், இன்ன படிவத்தைத் திருத்தலாம் என்னும் அனுமதிகள் தரவுத்தளக் கோப்பினுள்ளே இருக்கின்றன. ஆனால் அந்த அடையாளங்களுக்கு உரிய பெயர்கள், கடவுச்சொற்கள், குழு உறுப்புரிமைகள் ஆகியன பணிக்குழுத் தகவற் கோப்பு என்னும் வேறொரு கோப்பிலே உள்ளன. முதற் பதிப்புகளில் எம்.டீ.ஏ. என்றும், 1995 இன் பதிப்பு முதலாக எம்.டீ.டபிள்யூ. என்றும் முடியும் பெயரை இக்கோப்புக் கொண்டிருந்தது. பழைய கணனியிலிருந்து தரவுத்தளத்தை மட்டும் பிரதி செய்து புதிய கணனிக்குக் கொண்டுவருவோர் இந்த இரண்டாவது கோப்பைக் கைவிட்டுவிடுகின்றனர். இழப்பு நேர்வது பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

புதிய கணனியிலே அக்சஸ் தனக்கென வைத்திருக்கும் பொதுவான பணிக்குழுக் கோப்பைப் பயன்படுத்தி, வருபவரை அட்மின் என்னும் பெயரில் வினவாமலே உள்ளே அனுப்புகின்றது. பெயர் பெரிதாயினும், இந்த அட்மின் உலகெங்கணும் உள்ள எல்லா அக்சஸ் நிறுவல்களிலும் ஒரே அடையாள எண்ணைக் கொண்ட பொதுப் பயனரே. யூசர்ஸ் என்னும் குழுவின் நிலையும் அதுவே. ஆகவே முறையாகப் பாதுகாப்புச் செய்தவர் அவ்விரண்டிடமிருந்தும் அனுமதிகளை முற்றாக நீக்கியிருப்பார். நிருவாகிகளின் குழுவான அட்மின்ஸ் மட்டும் பணிக்குழுவுக்குப் பணிக்குழு வேறுபடும் எண்ணை உடையது.

அவ்வெண்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பதே மீட்புப் பணிக்கு அடிப்படை. பயனர் ஒருவரை உருவாக்கும்போது அவரது பெயரோடு, நான்கு முதல் இருபது எழுத்துகள் கொண்ட ஆள் அடையாளக் குறி ஒன்றும் தரப்படுகின்றது. இவ்விரண்டிலிருந்தும் கணித முறையால் பயனரின் பாதுகாப்பு அடையாள எண் பெறப்படுகின்றது. அவ்வாறே பணிக்குழுக் கோப்பை உருவாக்கும்போது தரப்பட்ட பெயர், நிறுவனப் பெயர், பணிக்குழுக் குறி ஆகிய மூன்றிலிருந்தும் அட்மின்ஸ் குழுவின் எண் பிறக்கின்றது. கடவுச்சொல்லுக்கு இதில் எவ்விதப் பங்குமில்லை. இதன் விளைவு சற்று விந்தையானது: நாள்தோறும் பயன்படுத்திய கடவுச்சொல்லை நன்கு நினைவில் வைத்திருப்பவர், பணிக்குழுக் கோப்புத் தொலைந்தபின் அதனால் எப்பயனும் அடையார். கடவுச்சொல்லை முற்றாக மறந்தவரோ, மேற்கூறிய குறிகள் ஒரு தாளில் எழுதப்பட்டிருப்பின் தமது உரிமை முழுவதையும் மீளப் பெறலாம்.

ஆதலின் தேடல் காணாமற்போன கோப்பிலிருந்து தொடங்குதல் வேண்டும். பழைய கணனியின் வன்தட்டு, காப்புப் பிரதிகள், அலுவலக வலையமைப்பின் பொது உறை ஆகியவற்றிலே எம்.டீ.டபிள்யூ. என முடியும் கோப்புகள் யாவற்றையும் திரட்டுதல் முதற்பணி. கோப்பின் முற்பெயர் எதுவாகவும் இருக்கலாம். பழைய கணனியின் முகப்பிலிருந்த குறுக்குவழி கிடைப்பின் பெரும்பேறு; அதன் கட்டளை வரியில் சாய்கோட்டை அடுத்து வரும் வேர்க்ஜிஆர்பி என்னும் சொல்லுக்குப் பின் பணிக்குழுக் கோப்பின் இருப்பிடம் முழுமையாக எழுதப்பட்டிருக்கும். கோப்புக் கிடைத்ததும் அதே முறையிற் கட்டளை வரி அமைத்துத் திறக்கலாம். ஒரு பயனரின் கடவுச்சொல் மறக்கப்பட்டிருந்தால், அட்மின்ஸ் குழுவைச் சேர்ந்த வேறொருவர் உள்நுழைந்து அதனை நீக்கிவிடலாம். 2007 இற்குப் பிந்திய பதிப்புகளும் எம்.டீ.பி. கோப்புகளைப் பொறுத்தவரை இம்முறையை ஏற்கின்றன. ஆனால் அக்சஸ் 97 காலத்துக் கோப்பை 2013 ஆம் ஆண்டின் பதிப்போ அதற்குப் பிந்தியனவோ திறவா. அதற்குப் பழைய பதிப்பொன்றைத் தேடிப் பெறல் வேண்டும்.

பணிக்குழுக் கோப்புக் கிடையாதவிடத்து, குறிகளைக் கொண்டு அதனை மீளப் படைத்தலே அடுத்த வழி. 2000 தொடக்கம் 2003 வரையான பதிப்புகளில் இருந்த பாதுகாப்பு விசார்ட், தன் பணி முடிந்ததும் எல்லாக் குறிகளும் அடங்கிய அறிக்கையொன்றைத் தந்தது. அதனை அச்சிடவும், எஸ்.என்.பி. வகைக் கோப்பாகச் சேமிக்கவும் இயலும். ஓய்வு பெற்றவரின் கோவைகளிலே இத்தாள் இருக்கக்கூடும். எழுதுவினைஞரின் பழைய கோவைகளைக் குப்பையென எறிவோர் இதனைச் சற்று மனங்கொள்வது நன்று. அறிக்கையிலுள்ளவாறு எழுத்துப் பிசகாமல் பதிதல் வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் இடையிலான வேறுபாடும் கணக்கில் எடுக்கப்படும். புள்ளியொன்று மாறினும் பிறப்பது வேறோர் எண். பெயர் அதுவேயாயினும் தரவுத்தளம் அவரை அந்நியராகவே கொள்ளும். இதே விசார்ட் பாதுகாப்பற்ற மூலப் பிரதியொன்றை பி.ஏ.கே. என்னும் முடிவோடு விட்டுச் சென்றதும் உண்டு. அதிலே அண்மைத் தரவு இராது. எனினும் அட்டவணைகளின் அமைப்பும் படிவங்களும் கிடைக்கும்.

மூன்றாவது வழி உடைமை பற்றியது. அட்டவணையை உருவாக்கியவரே அதன் உரிமையாளர் என்பது அக்சஸின் கொள்கை. அவரிடமிருந்து பிற அனுமதிகளைப் பறிக்கலாம். அனுமதி வழங்கும் உரிமையைப் பறித்தல் இயலாது. தரவுத்தளத்தைத் தொடக்கத்தில் அட்மின் என்னும் பொதுப் பயனராகவே உருவாக்கி, பின்னர் அரைகுறையாகப் பாதுகாப்புச் செய்தோர் பலர். அவ்வாறாயின் உடைமை இன்றும் அட்மினிடமே உள்ளது. எந்தக் கணனியின் பொதுப் பணிக்குழுக் கோப்பைக் கொண்டும் உள்நுழைந்து அனுமதிகளைத் தமக்கே வழங்கிக்கொள்ளலாம். அமைப்பையும் தரவையும் படிக்கும் அனுமதி மட்டும் எஞ்சியிருந்தாலும் போதும்: வெற்றுத் தரவுத்தளமொன்றை உருவாக்கி, பழையதிலுள்ளவற்றை அதனுள்ளே இறக்குமதி செய்தால், இறக்குமதி செய்தவரே புதியவற்றின் உரிமையாளர் ஆகின்றார்.

இவை யாவும் பயன்படாதபோது, அடையாள எண்களைக் கோப்பிலிருந்தே பிரித்தெடுக்கும் வணிக மென்பொருள்களையும் சேவைகளையும் நாடுவோர் உளர். அத்தகையன உள்ளமையே இப்பாதுகாப்பின் வலிமையைப் பற்றி ஒரு தீர்ப்பாகும். நோயாளர் பதிவோ மாணவர் பதிவோ அடங்கிய கோப்பைப் பிறர் கையில் ஒப்படைக்குமுன், அதனைத் திறப்பிக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டென்பதை எழுத்திலே நிலைநாட்டல் வேண்டும் என்பது எமது கருத்து. முன்னைய நிருவாகி உயிரோடிருப்பின் அவரைக் கேட்பது எந்த மென்பொருளினும் மலிவானது.

மீட்டபின் பூட்டை முறையாகக் கழற்றிவிடுதல் தக்கது. நிருவாகியாக உள்நுழைந்து, யூசர்ஸ் குழுவுக்கு எல்லாப் பொருள்கள்மீதும் முழு அனுமதி வழங்கி, அட்மினை அட்மின்ஸ் குழுவிலே மீளச் சேர்த்து, அதன் கடவுச்சொல்லை நீக்குதல் வேண்டும். பின்னர் பொதுப் பணிக்குழுக் கோப்போடு மீண்டும் தொடங்கி, புதிய ஏ.சீ.சீ.டீ.பி. தரவுத்தளத்தினுள் யாவற்றையும் இறக்குமதி செய்யலாம். தொடக்க அமைப்புகளும் நிரல் நூலகத் தொடர்புகளும் இறக்குமதியில் வாரா. அவற்றைக் கையால் அமைத்தல் வேண்டும். ஆளுக்கு ஆள் வேறுபட்ட அனுமதி இன்றியமையாததாயின், அட்டவணைகளை எஸ்.கியூ.எல். சேர்வர் போன்ற ஒன்றுக்கு மாற்றி, அனுமதிகளை அங்கே வகுக்கலாம். அம்மாற்றத்துக்கு முன், யார் யாருக்கு எந்த அட்டவணைமீது என்ன அனுமதி இருந்தது என்பதைப் பழைய கோப்பிலிருந்து அச்சிட்டு எடுத்துக்கொள்ளல் வேண்டும். புதிய கோப்பிலே அத்தகவலின் சுவடு இராது.