சின்ன ஊருக்குப் போயிடலாமா? பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

ரீல்ஸ்ல ஒரு அமைதியான தெரு வருது. ஓட்டு வீடு, திண்ணை, சைக்கிள்ல போற ஒரு தாத்தா. பின்னாடி இளையராஜா. உடனே, "பேசாம இங்கேயே போய் செட்டில் ஆகிடலாமா?"ன்னு ஒரு யோசனை வருதுல்ல? டிராஃபிக்கில் தினமும் ரெண்டு மணி நேரம் தொலைக்கிற யாருக்கும் வர்ற நியாயமான யோசனைதான். ஆனா அந்த ரீல் 30 செகண்ட்தான். நீங்க இருக்கப்போறது 365 நாள்.

எது சின்ன ஊர்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஓர் இடத்தை நகரம்னு சொல்ல குறைந்தது 5,000 பேர் இருக்கணும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் வசிக்கணும். வேலைக்குப் போற ஆண்களில் 75 சதவிகிதம் பேர் விவசாயம் அல்லாத வேலை பார்க்கணும். இதுபோக, அரசு பேரூராட்சின்னு அறிவிச்ச ஊர்களும் நகரக் கணக்கில் வந்துடும். தமிழ்நாட்டில் 400-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் இருக்கு. நீங்க தேட வேண்டிய லிஸ்ட் இதுதான். கிராமத்தோட நிதானமும் இருக்கும். பேங்க், மெடிக்கல் ஷாப், பஸ் ஸ்டாண்டும் இருக்கும்.

ரெண்டு ஊர், ரெண்டு குணம்

சிவகங்கை மாவட்டத்துல இருக்கிற கானாடுகாத்தானை எடுத்துக்கோங்க. காரைக்குடியிலிருந்து சுமார் 15 கி.மீ. நகரத்தார் கட்டின வீடுகள் ஒரு தெருவில் வாசல் வச்சு அடுத்த தெருவில் முடியும். பர்மா தேக்குத் தூண்கள், காலுக்கு ஜில்லுன்னு ஆத்தங்குடி டைல்ஸ். செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியலில் இடம்பிடிச்சது. ஆனா பல வீடுகள் பூட்டியே கிடக்கும். சொந்தக்காரங்க வெளியூர்ல இருப்பாங்க. கல்யாணம், விசேஷம்னா கதவு திறக்கும். பார்க்கப் போறவங்களுக்கு அந்த அமைதி அழகு. தங்கப் போறவங்களுக்கு, ராத்திரி எட்டு மணிக்கு அதே அமைதி வேற மாதிரி இருக்கும்.

மயிலாடுதுறை மாவட்டத்துல தரங்கம்பாடி. 1620-ல டேனிஷ்காரங்க கட்டின டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிக்குது. 1706-ல வந்த சீகன்பால்க் இங்கேதான் அச்சகம் வச்சு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடிச்சார். பழைய ஊரை நடந்தே சுத்திடலாம். ஆனா ரயில் கிடையாது. மயிலாடுதுறையிலோ காரைக்காலிலோ இறங்கி பஸ் பிடிக்கணும். கடல்தான் இந்த ஊரோட அழகு, ஆபத்தும் அதுதான். 2004 சுனாமி இங்கேயும் வந்துட்டுப் போச்சு.

மோசமான மாசத்துல போங்க

ஜனவரியில எந்த ஊரும் அழகாத்தான் இருக்கும். கடற்கரை ஊர்னா நவம்பர்ல போங்க. மழை, புயல்னா எப்படி இருக்கும்னு தெரியும். உள்நாட்டு ஊர்னா மே மாசம் போங்க. தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருதுன்னு தெரியும். கடலோரத்தில் போர் தண்ணி உப்பா இருக்கலாம். வீடு பார்க்கும்போதே ஒரு டம்ளர் பிடிச்சு வாயில வச்சுப் பாருங்க.

ராத்திரி 9 மணி டெஸ்ட்

கடைசி பஸ் எத்தனை மணிக்கு? இந்த நேரத்துக்கு மெடிக்கல் ஷாப் திறந்திருக்கா? நெஞ்சு வலின்னா எந்த ஆஸ்பத்திரி, எத்தனை கிலோமீட்டர்? அப்பா, அம்மாவையும் கூட்டிட்டுப் போறீங்கன்னா முதல்ல கேட்க வேண்டிய கேள்வி இது.

வொர்க் ஃப்ரம் ஹோம் பார்ட்டிகளுக்கு

சிக்னலைத் தெருவுல நின்னு பார்க்காதீங்க. வாடகைக்கு எடுக்கப்போற வீட்டுக்குள்ள, நீங்க உட்காரப்போற ரூம்ல, ஒரு வீடியோ கால் பேசிப் பாருங்க. மின்வாரியம் பராமரிப்புக்காக காலையிலிருந்து சாயங்காலம் வரை கரன்ட் நிறுத்துற நாள்களும் உண்டு. முன்கூட்டியே அறிவிப்பாங்க, ஆனா உங்க மேனேஜர் மீட்டிங்கை மாத்த மாட்டாரே! இன்வெர்ட்டர் செலவையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

யாரும் ரீல்ஸ்ல சொல்லாத விஷயம்

"எந்த ஊருப்பா?"ன்னு ஆரம்பிக்கும். அடுத்து "சொந்தக்காரங்க யாரும் இங்க இருக்காங்களா?" அப்புறம் சுத்தி வளைச்சு சாதிக்கு வந்து நிக்கும். சிட்டியிலயும் இது இல்லாம இல்லை. ஆனா அங்கே ஒரு வீடு இல்லைன்னா பத்து வீடு இருக்கு. சின்ன ஊர்ல வாடகைக்கு விடுறதே நாலு வீடுதான். தனியா வாழுற பொண்ணு, சாதி மாறிக் கல்யாணம் பண்ணினவங்க, வேற மதத்துக்காரங்க இவங்களுக்கெல்லாம் அந்த அழகான தெருவுல வீடு கிடைக்குமாங்கிறதுதான் நிஜமான கேள்வி. "நல்ல ஊருங்க"ன்னு சொல்றவங்க, யாருக்கு நல்ல ஊர்னு சேர்த்துச் சொல்றதில்லை.

இதுக்கு ஒரு வழி இருக்கு. எந்தச் சின்ன ஊரிலும் டிரான்ஸ்ஃபர்ல வந்தவங்க இருப்பாங்க. பேங்க் ஊழியர், டீச்சர், நர்ஸ். அவங்களும் வெளியூர்க்காரங்க, வாடகைக்கு வீடு தேடி அலைஞ்சவங்க. ஊர்ப் பெரியவரைவிட அவங்ககிட்ட பேசினா உண்மை தெரியும். அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்க. வாய் வார்த்தையா விட்டுடாதீங்க.

ரெண்டு நாள் சுத்திட்டு வர்றவங்களுக்கு

வார நாள்ல போங்க, கூட்டம் இருக்காது. ஊர்ல இருக்கிற மெஸ்ஸில் சாப்பிடுங்க, உள்ளூர்ப் பொருளை வாங்குங்க. கானாடுகாத்தான் வீடுகள் செட் கிடையாது, யாரோ ஒருத்தரோட வீடு. உள்ளே போறதுக்கும் போட்டோ எடுக்கிறதுக்கும் கேட்டுக்கோங்க. திண்ணையில உட்கார்ந்திருக்கிற பாட்டியையும் கேட்காம எடுக்காதீங்க.

எப்போ முடிவு பண்றது?

முதல்முறை ரெண்டு நாள் டூரிஸ்ட்டா போங்க. ரெண்டாவது முறை மோசமான மாசத்துல ஒரு வாரம். மூணாவது முறை ஒரு மாசம் ரூம் எடுத்து, அங்கிருந்தே வேலை பாருங்க. அந்த மாசக் கடைசியில டீக்கடைக்காரர் கேட்காமலேயே உங்களுக்கு சர்க்கரை கம்மியா போட்டுக் கொடுத்தா, ஊர் உங்களைக் கவனிச்சிருக்குன்னு அர்த்தம். அந்தக் கவனிப்பு உங்களுக்குப் பிடிச்சிருந்தா பெட்டியைக் கட்டுங்க. மூச்சு முட்டினா தப்பே இல்லை, வருஷத்துக்கு ரெண்டு தடவை விருந்தாளியா போயிட்டு வாங்க!