கொழுந்துக்கு மூன்று வாரம், கைக்கு ஒரு நாள்

மலேசியாவின் கேமரன் மலையில் இன்று தேயிலைக் கொழுந்து எடுத்த செடிக்கு அடுத்த முறை ஆள் வர ஏறக்குறைய 3 வாரம் ஆகும். ஆண்டுக்கு 52 வாரம் என்றால் ஒரு செடிக்குச் சுமார் 17 சுற்று. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்துக்கு இன்று மொத்தம் சுமார் 1,200 ஹெக்டேர் தோட்டம். ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் கிலோ தேயிலைத்தூள். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்று வைத்தால், ஒரு ஹெக்டேரில் ஒரு சுற்றுக்கு 900 கிலோ அளவில் வருகிறது. இடையில் அந்த 3 வாரம் விட்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும். தினம் தினம் கிள்ளினால் செடி தேய்ந்துபோகும் என்பது தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும்.

கவ்வாத்து இன்னும் தெளிவான பாடம். 3, 4 ஆண்டுக்கு ஒருமுறை செடியை மொட்டையாக வெட்டுகிறார்கள். வெட்டிய செடி, வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைத் தின்றுதான் மறுபடி துளிர்க்கிறது. வேரில் சேமிப்பு இல்லாத செடியை வெட்டினால் பட்டுப்போகும்.

நம் தசையும் இப்படித்தான். தசையின் மாவுச்சத்துக்குக் கிளைக்கோஜன் என்று பெயர். கடும் பயிற்சியில் அது கரைந்தால், நன்றாகச் சோறு சாப்பிட்டாலும் திரும்ப நிரம்ப 24 மணி நேரம் வரை பிடிக்கும். பழக்கமில்லாத பளுவைத் தூக்கினால் வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொடும். அதனால்தான் பளு தூக்குபவர்கள் ஒரே தசைக்கு 48 மணி நேரமாவது இடைவெளி விடுகிறார்கள். தசை வளர்வது தூக்கும்போது அல்ல, இந்த இடைவெளியில். தினமும் அரை மணி நேரம் வேக நடை போடுபவர் ஓய்வு நாளை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். வாரம் முழுக்க நடந்தாலும் 210 நிமிடம்தான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் 150 முதல் 300 நிமிடம். ஆனால் தினமும் ஓட்டமும் பளுவும் மாறி மாறிச் செய்துவிட்டு, ஒரு நாள் விட்டால் எல்லாம் போய்விடும் என்று பயப்படுபவர்கள் இந்தத் தேயிலைச் சரிவைப் பார்க்க வேண்டும்.

இதே கணக்கைக் கொழுந்து எடுப்பவருக்குப் போட்டுப் பார்த்தேன். மலேசிய வேலைச் சட்டத்தின்படி வாரம் 45 மணி நேரம். 2023 ஜனவரி 1-க்கு முன் அது 48. இப்போதைய 45 மணி நேரம் என்றால் 2,700 நிமிடம். நிறுவை, நடை, சாப்பாடு, மழைக்கு ஒதுங்குவது எல்லாம் போக, உடல் வியர்க்க உழைப்பது அதில் பாதிதான் என்று வைப்போம். 1,350 நிமிடம். பரிந்துரையின் கீழ் எல்லையைப் போல 9 மடங்கு, அதுவும் செங்குத்துச் சரிவில், முதுகிலே பாரத்தோடு.

இவ்வளவு உழைப்பு உடலுக்கு நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். 2021-இல் கோபன்ஹேகனில் சுமார் 1,04,000 பேரை வைத்து ஆந்திரியாஸ் ஹோல்டர்மன் குழு வெளியிட்ட ஆய்வு வேறு சொல்கிறது. ஓய்வு நேரத்தில் உடலை அசைப்பவர்களிடம் மரண ஆபத்து குறைந்திருந்தது. வேலையிடத்தில் கடுமையாக உடலுழைப்பவர்களிடம் கூடியிருந்தது. ஏன் என்பதில் இன்னும் விவாதம் உண்டு. ஆனால் முன்வைக்கப்படும் காரணங்களில் ஒன்று எனக்கு மனத்தில் தைத்துவிட்டது: உழைப்பவரால் களைத்ததும் நிறுத்த முடியாது.

சட்டம் வாரத்துக்கு ஒரு முழு ஓய்வு நாள் தருகிறது. ஆண்டுக்கு 52. அதோடு பொது விடுமுறை 11, இரண்டு ஆண்டு நிறையாதவருக்கு ஆண்டு விடுப்பு 8. ஆக 71 நாள். ஓய்வு நாளில் வா என்று சாதாரணமாகக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் வந்தால் கூலி இரட்டை: நாள் கூலிக்காரருக்கு அரை நாளுக்கு மேல் உழைத்தால் 2 நாள் கூலி, எடைக் கூலிக்காரருக்கு விலை இரு மடங்கு.

அந்த இரட்டைக் கூலியின் எடை என்ன? 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. ஓய்வு நாள் வேலைக்கு 130 வெள்ளி 76 காசு. 52 ஓய்வு நாளையும் விற்றால் 6,800 வெள்ளி, சரியாக 4 மாதச் சம்பளம். ஊரில் பிள்ளை படிக்கும் வங்காளதேசத்துக்காரரோ நேபாளியோ இந்தத் தொகையைத் தள்ளிவிடுவது எளிதல்ல. பெண்ணாக இருந்தால், விற்காத ஞாயிற்றுக்கிழமையிலும் துணி துவைப்பும் சமையலும் காத்திருக்கும்.

6,800-ஐ 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 567 வெள்ளி. ஒரு தொழிலாளி தன் ஓய்வு நாளை விற்காமலே அதே பணத்தோடு வீடு திரும்ப, 45 மணி நேர வாரத்துக்கு மாதம் 2,267 வெள்ளி வேண்டும். இன்று சட்டம் சொல்வது 1,700.