இந்தப் படத்தில் இருப்பது யார், பாட்டி?

உங்கள் வீட்டில் அலமாரிக்கு மேலேயோ துணிப்பெட்டிக்கு அடியிலோ ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறதா? அதற்குள் ஓரம் சுருண்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் சில, காலாவதியான பாஸ்போர்ட் ஒன்று, ஊரிலிருந்து வந்த கடிதங்கள் இரண்டு... இருந்தால், இன்றைக்கே அதைக் கீழே இறக்குங்கள். பேரப்பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். முதல் படத்தை எடுத்ததுமே அது கேட்கும்: "இது யாரு பாட்டி?"

பதில் சொல்ல இன்று நீங்கள் இருக்கிறீர்கள். நாளைக்கு?

மந்தின் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிரம்பானிலிருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து மந்தினுக்கு வரும்போது ஒரு காலத்தில் கண்ணில் பட்டவை ரப்பர் நிரைகளும் ஈய லம்பங்களும்தான். இன்று நீலாய் வரைக்கும் வரிசை வரிசையாக வீடமைப்புத் திட்டங்கள். பெரட்டுக் களம் எங்கே? ஆயாக் கொட்டகை எங்கே? பிறந்து வளர்ந்த லயம் இருந்த இடத்தைக் கை நீட்டிக் காட்டக்கூட முடியாதவர்கள் எத்தனை பேர்! ஆனால் அக்காள் கல்யாணத்துப் படத்தை உற்றுப் பாருங்கள். மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் லயத்துத் தண்ணீர்க் குழாய் தெரியும். அதற்கும் அப்பால் பால் வாளி ஒன்று கவிழ்ந்து கிடக்கும். அவற்றைப் படம் பிடிக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. இன்றைக்கு அந்தத் தோட்டத்தைப் பார்க்க உங்களுக்கு இருக்கும் ஒரே ஜன்னல் அதுதான்.

நம் குடும்பங்களில் படங்கள் குறைவு. அதற்குக் காரணம் உண்டு. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று பயந்தவர்கள் ஒரு பக்கம். பட்டணத்து ஸ்டூடியோவுக்குப் போக ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவர்கள் இன்னொரு பக்கம். 1948-இல் அவசரகாலம் வந்தபோது 12 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் படமும் கைரேகையும் கொண்ட அடையாளக் கார்டு கட்டாயமாயிற்று. தோட்டத்து மக்கள் பலருக்கு வாழ்க்கையில் எடுத்த முதல் படமே அதுதான். சிரிப்பில்லாமல், கொஞ்சம் மிரண்டு விழிக்கும் அந்த முகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தாத்தா இறந்த பிறகு அதே கார்டுப் படத்தைத்தான் ஸ்டூடியோக்காரர் பெரிதாக்கி, சட்டை கோட்டெல்லாம் தீட்டிக் கொடுப்பார். அதற்குத்தான் மாலை போட்டு வைத்திருக்கிறோம். அதற்கு முன்பு, 1942-லும் 43-லும் சயாம் மரண ரயில்பாதைக்குப் போய்த் திரும்பாத ஆயிரமாயிரம் பேரில் பெரும்பாலோருக்கு அந்த ஒரு படமும் இல்லை.

படம் இருந்தும் பெயர் இல்லாமல் போவதற்கு வேறொரு கதை இருக்கிறது.

ஜூலியா மார்கரெட் கேமரன் என்று ஒரு வெள்ளைக்கார அம்மாள். 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863-இல், அவருக்கு 48 வயதானபோது, பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அந்தக் காலத்துக் காமிரா என்றால் பெட்டி போன்ற கனம். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயும் முன்பே படம் பிடித்துக் கழுவியாக வேண்டும். அந்த அம்மாள் கரி போட்டு வைத்த அறையை இருட்டறையாக்கினார். கோழிக் கூண்டைப் படம் பிடிக்கும் கூடமாக மாற்றினார்! கோழிகளை என்ன செய்தாரோ, அது வேறு விஷயம். டார்வின் போன்ற பேர்பெற்ற மனிதர்கள் அவர் முன்னால் அசையாமல் உட்கார்ந்தார்கள். உலகப் புகழ் வந்தது.

1875-இல் கணவரோடு இலங்கைக்குப் போனார். அங்கே அவர்களுக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறையில் இருந்தபோது வேலையாட்களையும் ஊர் மக்களையும் படம் பிடித்தார். அவர்களில் தமிழர்களும் இருந்தனர் என்று கருதப்படுகிறது. 1879-இல் அங்கேயே காலமானார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்தார்கள். இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை 30-க்கும் குறைவு. ஒரு படத்தில் ஒரு பெண்ணும் ஒரு கிழவரும் இருக்கிறார்கள். பெண்ணுக்கு வயது 12 என்றும், கிழவர் தமக்கு நூறு என்று சொல்கிறார் என்றும் குறித்து வைத்த அம்மாள் அவர்கள் பெயரைக் குறிக்கவில்லை. டார்வினின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிழவரின் பெயரைச் சொல்ல உலகத்தில் இன்று ஓர் ஆள் இல்லை. அந்தக் காலத்து மலாயாத் தபால் அட்டைகளிலும் இதே கதைதான்: 'தமிழ்ப் பெண்' என்று அச்சிட்டிருக்கும், எந்தப் பெண்?

நம் பிஸ்கட் டின்னும் அப்படி ஆகிவிடக் கூடாது அல்லவா?

"இந்த வயதில் எனக்கு எதற்குக் காமிரா?" என்று கேட்காதீர்கள். ஜப்பானில் கிமிகோ நிஷிமோத்தோ என்ற மூதாட்டி 72 வயதில்தான் காமிரா பிடிக்கக் கற்றுக்கொண்டார். பத்து ஆண்டு கழித்துத் தம் படங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தார். 2025-இல், 97-ஆவது வயதில் அவர் மறையும் வரை அவர் எடுத்த வேடிக்கைப் படங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். உங்களுக்குத் தனியாகக் காமிரா வாங்கும் செலவுகூட இல்லை. மகன் வாங்கிக் கொடுத்த கைப்பேசியே போதும்.

முதல் பாடமாக அந்தப் பழைய படங்களையே படம் பிடியுங்கள். காலை பத்து மணிபோல், வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரத்தில் மேசையைப் போட்டு, படத்தைத் தட்டையாக வையுங்கள். கைப்பேசியின் லென்ஸைச் சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள் (பலர் படம் மங்கலாக வருவதற்கு விரலில் இருந்த எண்ணெய்தான் காரணம்). பிளாஷ் வேண்டாம். கைப்பேசியைச் சாய்க்காமல் நேர் மேலே பிடியுங்கள். பளபளக்கும் படமானால் கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை படத்தில் பிரதிபலிக்கும். சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே பிய்க்காதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள். ஒரு படி கைப்பேசியில், ஒரு படி மகள் வீட்டில், ஒரு படி கணினியில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பச் சொல்லிப் பேரனிடம் கேளுங்கள்.

அண்ணன் தம்பிக்குள் அசல் படம் யாருக்கு என்ற சண்டை சில வீடுகளில் உண்டு. நல்ல படிகள் எடுத்துக் கொடுங்கள். சண்டை பாதி அடங்கும். 1969, 70-இல் வேலை பெர்மிட் தொல்லையால் ஊருக்குத் திரும்பிப் போனவர்களின் பிள்ளைகள் தமிழ்நாட்டில் இருந்தால், அவர்களுக்கும் அனுப்புங்கள். உங்களிடம் இல்லாத படம் அங்கே இருக்கலாம்.

அசலைத் தூக்கி எறிய வேண்டாம். நம் நாட்டுப் புழுக்கம்தான் படங்களுக்கு முதல் எதிரி, அடுத்தது கரையான். சமையலறைச் சுவர், விளக்குப் புகை படும் சாமி மேடை, வெயில் விழும் கூடம் மூன்றும் ஆகாத இடங்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எடுத்த கலர்ப் படங்கள் சிவந்து மங்கி வருவதைக் கவனித்திருப்பீர்கள். சாயம் வெளுக்கிறது, அவற்றை முதலில் படியெடுங்கள். அம்மாவின் கறுப்பு வெள்ளைப் படம் இன்னும் தாங்கும். பசை தடவிய பக்கங்கள் உள்ள பழைய ஆல்பத்தில் இருந்தால் அந்தப் பசையே படத்தைக் கெடுக்கும். ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் போட்ட, நன்றாக மூடும் பெட்டி நல்லது.

2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரிலும் பகாங்கிலும் நம் மாநிலத்திலும் மெத்தை நாற்காலியோடு எத்தனையோ ஆல்பங்களும் நனைந்தன. நனைந்த படங்களை ஒட்டியபடி காயவிட்டால் பிரிக்கவே முடியாது. சுத்தமான குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, முகம் மேலே பார்க்க, நிழலில் துணிமேல் பரப்புங்கள். உடனே நேரமில்லையா? பிளாஸ்டிக் பையில் போட்டு ஐஸ் பெட்டியின் உறையும் தட்டில் வையுங்கள். ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு தொண்டர்கள் சேற்றில் கிடந்த குடும்பப் படங்களைப் பொறுக்கிக் கழுவிச் சொந்தக்காரர்களைத் தேடிக் கொடுத்தார்கள்.

கடைசியாக எழுத்து வேலை. படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் முகத்தில் தழும்பு போடும். வழவழப்பான கலர்ப் படத்தில் பென்சில் பிடிக்காது. தனித்தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். 'அப்பா' என்று மட்டும் எழுதினால் பேரன் காலத்தில் அது யாருடைய அப்பா? இடமிருந்து வலமாக முழுப் பெயர், தோட்டம், ஏறத்தாழ எந்த ஆண்டு, என்ன விசேஷம். பட்டப்பெயர் இருந்தால் அதையும் எழுதுங்கள். தோட்டத்தில் பாதிப் பேரைப் பட்டப்பெயரில்தானே தெரியும்!

பெயர் ஞாபகம் வராத படங்கள் நிச்சயம் மிஞ்சும். அவற்றைத் தனி உறையில் போட்டு, அடுத்த கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பந்தி முடிந்து பெரியவர்கள் வெற்றிலை மடிக்கும் நேரம் பார்த்து எடுத்து நீட்டுங்கள். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு யாராவது ஒருவர், "அடடே, இது நம்ம கங்காணி வீட்டுச் சின்னப் பையன் இல்லே!" என்று ஆரம்பிப்பார். பென்சிலைத் தயாராக வைத்திருங்கள்.