சிதம்பரம் பேராசிரியரும் மல்லாட்டைக் கணக்கும்

பொருளாதாரப் பேராசிரியர் என்றால் கல்லூரி மாணவர்களுக்குப் பாடநூல் எழுதுபவர் என்றே நாம் எண்ணுகிறோம். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் தொடங்கியது. அங்கே பொருளாதாரப் பேராசிரியராக இருந்த டாக்டர் பி. வி. நாராயணசாமி நாயுடு, குடியானவனின் கடனையும் மணிலாவையும் பற்றிப் புத்தகம் எழுதியவர்.

1939-ல் பி. வைத்தியநாதனுடன் சேர்ந்து அவர் எழுதிய ஆங்கில நூல், சென்னை மாகாண விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைப் பற்றியது. ராஜாஜி மந்திரிசபை 1938-ல் கொண்டுவந்த சட்டம் அது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் முதல் தேதி வரை நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி ஆயிற்று. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. 100 ரூபாய் வாங்கி, வட்டியாகவே 150 ரூபாய் கட்டியவர் மேற்கொண்டு 50 ரூபாய் கட்டினால் போதும். பத்திரம் தீராமல் பரம்பரையாக வட்டி கட்டிய குடும்பங்களுக்கு இது எப்பேர்ப்பட்ட விடுதலை என்று சொல்ல வேண்டியதில்லை.

1941-ல் எஸ். ஹரிஹரனுடன் எழுதியது மணிலா விற்பனை பற்றிய நூல். கடனும் விற்பனையும் வேறு வேறு விஷயங்கள் அல்ல. விதைக்கும் களையெடுப்புக்கும் பணம் கொடுத்த வியாபாரியிடமே, அவர் சொன்ன விலைக்கு, அவர் தராசில் காயைப் போட வேண்டியிருந்தது. இதற்கு மாற்றாகத்தான் 1933-ல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. தென்னாற்காட்டில் மணிலாவுக்கு விற்பனைக் குழுவும் அமைந்தது. இன்று நாம் மூட்டை கொண்டுபோகும் விருத்தாசலம் கமிட்டிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

நாயுடுவின் பணியில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 1946-ம் வருட அறிக்கைதான். யுத்த காலத்தில் விளைபொருள் விலை ஏறியது. விவசாயி கடனிலிருந்து மீண்டுவிட்டான் என்று பேச்சு. கிராமக் கடனை விசாரிக்கும் பொறுப்பை மாகாண அரசு இவரிடம் ஒப்படைத்தது. மாகாணம் முழுவதும் 1939-ல் சுமார் 272 கோடி ரூபாயாக இருந்த கடன், 1945-ல் சுமார் 218 கோடி ஆகியிருந்தது. ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இதோடு நிறுத்தியிருந்தால் அரசுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும்!

அவர் நிறுத்தவில்லை. பெரிய நிலக்காரர், நடுத்தரக்காரர், சிறு விவசாயி, குத்தகைக்காரர், கூலியாள் என்று தனித்தனியே பிரித்துப் பார்த்தார். பெரிய நிலக்காரரின் கடன்தான் அதிகம் குறைந்திருந்தது. விற்க மிச்சம் இருந்தவருக்கல்லவா விலை ஏற்றம் லாபம்? சிறு விவசாயிக்குக் குறைந்தது கொஞ்சமே. குத்தகைக்காரர் கடன் சற்றே கூடியிருந்தது. நெல்லை விலைக்கு வாங்கிச் சாப்பிட்ட கூலியாளின் கடனோ வெகுவாக ஏறியிருந்தது.

'விவசாயிகளின் சராசரி வருமானம் உயர்ந்தது' என்று செய்தி படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அறிக்கை ஞாபகம் வரும். ஒன்றரை ஏக்கர் மானாவாரி மல்லாட்டைக்காரர் அந்தச் சராசரியில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கேட்கத் தோன்றும்.