மலைக்குக் குடிபோன மணி

என் மகளுக்கு உதகமண்டலம் அரசு கலைக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்ற செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் ஏற்பட்ட சந்தோஷத்தை வர்ணிக்க வேண்டியதில்லை. என் மாமியார் வழக்கத்தைவிட இரண்டு படி மாவு அதிகமாகப் பிசைந்து, கை ஓயும் மட்டும் முறுக்குச் சுற்றித் தெரு முழுவதும் வழங்கினார். ஆட்டையாம்பட்டியில் முறுக்கு வழங்குவது பெரிய காரியமா என்று கேட்கலாம். முறுக்கு விற்கும் ஊரில் முறுக்கை இலவசமாகக் கொடுப்பதென்றால், அது சாமானியமான சந்தோஷமல்ல என்று நேயர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

ஆசிரியர் மாற்றல் கலந்தாய்வில் எனக்கும் உதகையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. என் கணவர் தறிகளையும் தாயாரையும் பார்த்துக்கொண்டு ஊரில் இருப்பது என்றும், நானும் மகளும் மூன்று வருஷம் மலைமேல் குடித்தனம் செய்வது என்றும் ஏற்பாடாயிற்று. பாத்திரம், படுக்கை, புஸ்தகம் எல்லாவற்றுக்கும் ஜாபிதா எழுதி முடித்த பிறகுதான், ஜாபிதாவில் சேராத ஒரு ஜீவன் வாசற்படியில் படுத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தோம். அதுதான் மணி.

மணிக்கு வயது ஆறு. இராஜபாளையம், கோம்பை என்று பெயர் சொல்லிக்கொள்ளக்கூடிய ஜாதி அல்ல. 2005-ஆம் வருஷம் நமது தபால் இலாகா நான்கு இந்திய நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது, இராஜபாளையத்துக்கு அதில் ஸ்தானம் கிடைத்தது. மணியின் ஜாதிக்கு அப்படிப்பட்ட கௌரவம் எதுவும் இல்லை. சேலம் ஜில்லாவின் எந்தத் தெருவிலும் காணக்கூடிய, குட்டை ரோமமும் மணல் நிறமும் கொண்ட நாட்டு நாய். ஆனால் கல்லூரியில் சேர்வதற்காக என் மகள் மூன்று நாள் வெளியூர் சென்றபோது, அந்த மூன்று நாளும் அது சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“அவனையும் கூட்டிக்கிட்டுப் போகலாம், அம்மா” என்றாள் மகள்.

“நாயைக் கூட்டிக்கிட்டு ஊட்டிக்குப் போறவங்க வெள்ளைக்காரங்கதான், கண்ணு. நமக்கெதுக்கு அந்தச் சீர்?” என்றார் என் மாமியார்.

நான் பாரதத்தைத் துணைக்கு அழைத்தேன். “தருமபுத்திரரும் நாயோடுதானே மலையேறினார், அத்தை? நாயை விட்டுவிட்டு வந்தால்தான் சொர்க்கம் என்று இந்திரன் சொன்னபோது, அந்தச் சொர்க்கமே வேண்டாம் என்றாரே?”

“தருமருக்கு வாடகை வீடு பார்க்கிற வேலை இல்லையே, அம்மா!” என்றார் அத்தை.

இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பது வீடு தேடப் புறப்பட்ட பிறகு நன்றாக விளங்கிற்று.

வெள்ளைக்காரர்கள் நாயோடு உதகைக்குப் போனார்கள் என்பதும் உண்மைதான். 1819-ஆம் வருஷம் கோயமுத்தூர் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் நீலகிரியின்மேல் ஏறிப் பார்த்தார். தோதவரும், கோத்தரும், படகரும், குறும்பரும், இருளரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்த மலையை அவர் ‘கண்டுபிடித்தார்’ என்று பிற்பாடு எழுதிக்கொண்டார்கள்! 1822-இல் அவர் கட்டத் தொடங்கிய வீட்டுக்கு ஜனங்கள் ‘கல் பங்களா’ என்று பெயர் வைத்தார்கள். காலக்கிரமத்தில் உதகை சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராயிற்று. துரைமார்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வேட்டை நாய்களை வரவழைத்து, உதகைப் புல்வெளிகளில் குதிரைமேல் சென்று நரி வேட்டை ஆடினார்கள். அந்த நாய்களுக்குக் கொட்டில் உண்டு. வேளாவேளைக்குத் தீனி வைக்க ஆள் உண்டு. வியாதி வந்தால் கவனிக்க வைத்தியர் உண்டு.

1955-இல் அந்தக் கல் பங்களா நிற்கும் இடத்திலேயே அரசு கலைக் கல்லூரி ஏற்பட்டது. கலெக்டர் துரை வசித்த இடத்தில் ஆட்டையாம்பட்டித் தறிக்காரர் பெண் பாடம் படிக்கப் போகிறாள். அவளுடைய நாட்டு நாய்க்குக் கொட்டிலும் ஆளும் வைக்க நமக்கு வக்கில்லை என்றாலும், செய்ய வேண்டியதை நம் கையாலேயே செய்யலாமே என்று எனக்குத் தோன்றிற்று. “சரி, மணியும் வரட்டும்” என்று சொல்லிவிட்டேன்.

முதல் வேலையாக மிருக வைத்தியரிடம் சென்றோம். வெறிநோய்த் தடுப்பூசியை வருஷந் தவறாமல் போட்டிருக்கிறோமா என்று பார்த்தார். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, பிறகு வைத்தியர் சொல்லும் தவணைகளில் அடுத்தடுத்து என்பது சாதாரண விதி. அத்துடன் ‘டிஸ்டெம்பர்’, ‘பார்வோ’ என்னும் இரண்டு கொடிய நோய்களுக்கான தடுப்பூசியையும் போட்டார். “இது உங்கள் நாய்க்காக மட்டுமல்ல. மலையில் செந்நாய்கள் இருக்கின்றன. வீட்டு நாயின் டிஸ்டெம்பர் காட்டு நாய்க்குத் தொற்றினால் கூட்டமே அழிந்துபோகக்கூடும்” என்று விளக்கினார். காட்டு மிருகத்தால் வீட்டு மிருகத்துக்கு ஆபத்து என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆபத்து மறுபக்கமும் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பிறகு வீடு தேடும் படலம். கல்லூரிகள் உள்ள ஊராகையால் உதகையில் வாடகை வீட்டுக்குப் போட்டி அதிகம். நால்வர் ‘நாய்’ என்ற சொல்லைக் கேட்டதுமே கதவைச் சாத்தாத குறையாக விடை கொடுத்தார்கள். நாய் இருப்பதைச் சொல்லாமல் முன்பணம் கொடுத்துவிட்டு, பிற்பாடு மெதுவாக அழைத்து வரலாம் என்று சிநேகிதி ஒருத்தி யோசனை சொன்னாள். பிள்ளைகளுக்கு வாய்மையைப் போதித்துச் சம்பளம் வாங்குகிறவள் அப்படிச் செய்வதற்கில்லை. அன்றியும், பொய் வெளிப்படும் நாளில் தெருவில் நிற்கப் போவது மணிதான். ஐந்தாவது வீட்டுக்காரர், “இரவில் நாயை உள்ளே வைத்துக்கொள்வீர்களா?” என்று மட்டும் கேட்டார். “வைத்துக்கொள்வோம்” என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டார். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது பின்னால் தெரியவந்தது.

இனிப் பிரயாணம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரையில் 46 கிலோமீட்டர் தூரம், 208 வளைவுகளையும் 16 சுரங்கங்களையும் கடந்து ஏறும் மலை ரெயிலைப் பற்றி என் மகள் வெகுவாக ஆசைப்பட்டாள். 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் போடப்பட்ட இருப்புப் பாதை அது. ஆனால் ரெயில் பிரயாணத்தில் நாய்க்குத் தனிச் சட்டம் இருக்கிறது. முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் நாமே எடுத்துக்கொண்டால் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம்; இல்லாவிடில் அது கார்டு வண்டியிலுள்ள நாய்ப் பெட்டியில்தான் வரவேண்டும். வண்டி மாறி மாறி அப்படிப் போவது மணிக்கு ஒத்துவராது என்று கருதி, சாமான்களோடு சாமானாக ஒரு வாடகை வண்டி பிடித்தோம்.

திருச்செங்கோடு, ஈரோடு, பெருந்துறை, அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் என்று சுமார் 200 கிலோமீட்டர் பிரயாணம். மனிதர்களைப் போலவே நாய்க்கும் வண்டியில் தலை சுற்றும். ஆகையால் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்னதாகவே ஆகாரத்தை நிறுத்திவிட வேண்டும். தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்பது வைத்தியர் கட்டளை. அதன்படி செய்தும் பர்லியாறு தாண்டிய வளைவுகளில் மணிக்கு வாயில் நுரை தள்ளிற்று. மகள் அதன் தலையை மடிமேல் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் வந்தாள். மலை ரெயிலை அவள் மறந்தே போய்விட்டாள்.

குன்னூரில் சிம்ஸ் பூங்காவின் அருகில் வண்டியை நிறுத்தி மணியைச் சிறிது நடக்க விட்டோம். அங்கேதான் பாஸ்டர் ஸ்தாபனம் இருக்கிறது. நாய் வளர்ப்பவர் அனைவரும் அதன் கதையை அறிந்திருக்க வேண்டும். பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1885-ஆம் வருஷம், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்குத் தாம் தயாரித்த மருந்தைச் செலுத்திக் காப்பாற்றினார். பதினைந்து வருஷம் கழித்து, 1900-இல், இந்தியாவில் முதன் முதலாக அந்தச் சிகிச்சைக்கான ஸ்தாபனம் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் ஏற்பட்டது. தென்னாட்டில் ஒருவரை வெறிநாய் கடித்தால், தேசத்தின் மறுகோடிக்கு ரெயிலேறிப் போக வேண்டும். ஏழைக்கு அது நடக்கிற காரியமா? 1902-இல் ஓர் ஆங்கிலப் பெண்மணி தென்னாட்டில் இந்த நோயால் இறந்த பிறகுதான் இங்கும் ஒரு ஸ்தாபனம் வேண்டுமென்ற முயற்சி வலுத்தது. 1907-இல் குன்னூர் ஸ்தாபனம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு பெயர் தெரியாமல் மாண்ட நம் ஜனங்கள் எத்தனை பேரோ!

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் வீடுகளில் குழந்தைகளைப் பயமுறுத்துவதுண்டு. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து இப்போது இந்தியாவில் இல்லை. கையிலேயே போடும் சில ஊசிகளுடன் சிகிச்சை முடிந்துவிடுகிறது. ஆனால் நோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது இன்றைக்கும் மிக மிக அரிது. எந்த நாய் கடித்தாலும், நகத்தால் கீறினாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் மிளகாயும் அரைத்துப் பூசுவது உதவாது. இதை நான் வகுப்பிலும் சொல்கிறேன், இங்கும் எழுதிவைக்கிறேன்.

உதகை கடல் மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. எங்கள் சமவெளி வெயிலில் வளர்ந்த மணி முதல் ஒரு வாரம் அடுப்பங்கரையைவிட்டு அசையவில்லை. குளிரைவிட ஈரந்தான் அதை அதிகமாக வாட்டிற்று. தரையிலிருந்து சற்று உயர்த்திய பலகையின்மேல் சாக்கும் பழைய கம்பளியும் விரித்தோம். மழையில் நனைந்து வந்தால் உடனே துடைத்து உலர்த்தினோம். உலாவப் போகும்போது கயிற்றை விடுவதேயில்லை. சோலைக்காடும் தேயிலைத் தோட்டமும் வீட்டை ஒட்டி இருக்கின்றன. காட்டெருமை சில வேளை தெருவிலேயே வந்து நிற்கிறது. அவிழ்த்துவிட்ட நாய் அதைப் பார்த்துக் குரைக்கும். அது துரத்தினால் நாய் நேரே எஜமானரிடம் ஓடி வரும். பின்னோடு காட்டெருமையும் வரும்!

இரண்டாம் மாதத்தில் ஒரு நாள் விடாமல் மழை பெய்தது. நனைந்த நாயின் வாடை வீடு முழுவதும் வீசவே, நான் பொறுமையிழந்து, “ஒரு ராத்திரி மட்டும் வராந்தாவில் கட்டிவிடு” என்றேன்.

“வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்திருக்கீங்களே, அம்மா” என்றாள் மகள்.

நான் வெட்கிப் பேசாதிருந்தேன். மணி உள்ளேயே படுத்தது. நடு இரவில் அது எழுந்து கதவண்டை நின்றது. குரைக்கவில்லை. முதுகு ரோமம் சிலிர்க்க, உடம்பெல்லாம் நடுங்க, தொண்டைக்குள் உறுமிக்கொண்டே நெடுநேரம் நின்றது. விடிந்ததும் பார்த்தால், வராந்தாவை ஒட்டிய காரட் பாத்தியின் ஈர மண்ணில் சிறுத்தையின் காலடிகள் அச்சுப் போலப் பதிந்திருந்தன. அடுத்த வீட்டுப் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, “வெளியிலே கட்டின நாய் அதுக்கு இலையிலே பரிமாறின சாப்பாடு மாதிரி, டீச்சரம்மா” என்றார். வீட்டுக்காரர் கேட்ட கேள்வியின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

எனினும், அந்தக் காலடியைவிட என் மனத்தை அதிகமாக உறுத்துவது வேறொரு காட்சி. எங்கள் தெருக்கோடியில் நீண்ட ரோமமுள்ள வெள்ளை நாய் ஒன்று, பூட்டிய கேட்டுக்கு எதிரில் படுத்திருக்கும். அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் அதைக் குட்டியாக வாங்கி, சீவிச் சிங்காரித்து வளர்த்தார்களாம். பிறகு ஊர் மாறியபோது விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். அக்கம்பக்கத்தார் சோறு வைக்கிறார்கள். ஆனால் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அது எழுந்து நின்று பார்க்கிறது. படிப்புக்காகவும் உத்தியோகத்துக்காகவும் வந்து போகிறவர்கள் நிறைந்த ஊர் இது. மூன்று வருஷத்துக்கு வந்தவர்கள் மூன்று வருஷத்துக்கென்று ஒரு நாயையும் வாங்கிக்கொள்ளலாமா? நாயின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு வருஷம் அல்லவா?

அந்த நாயைப் பார்த்துவிட்டு வந்த அன்று என் மகள் விரல் விட்டு எண்ணினாள். “நாம திரும்பிப் போகும்போது மணிக்கு ஒன்பது வயசு ஆகியிருக்கும், அம்மா. அப்பவும் அதே மாதிரி வண்டி பிடிக்கணும்.”

“பிடிக்கலாம்” என்றேன். அதற்காக மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்து வைக்கிறேன். மலைக்கு நாயோடு குடிபோக எண்ணுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஏறுவதற்கு முன்பே இறங்குவதற்கும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். அது முடியாதென்றால், நம்பிக்கையான உறவினர் வீட்டில் விட்டு வருவதே நாய்க்குச் செய்யும் உபகாரம்.

சென்ற வாரம் ஊரிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. முறுக்குடன், எங்கள் தறியில் நெய்த கெட்டித் துணியை இரண்டாக மடித்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு சட்டையும் இருந்தது. கைகள் இரண்டும் விசித்திரமான இடத்தில் இருக்கவே, யாருக்கு இது என்று நாங்கள் திகைத்தோம். அன்று மாலை அத்தை டெலிபோனில் கூப்பிட்டார்.

“மணிக்குப் போட்டுப் பார்த்துட்டு அளவு சொல்லு, கண்ணு. சரியாயில்லேன்னா அடுத்த தடவை மாத்தித் தைச்சு அனுப்பறேன்” என்றார்.